ஸ்லீவ் கழற்றிய நாள்

துறைமுகத்தில் ஓய்வு பெறுகிறவர்களின் கையிலிருந்து, சுமை தூக்க உதவும் இயந்திரத் துணைத்தசையைக் கழற்றிவிடுவது என் வேலை. ஸ்லீவ் என்பார்கள். தோள் முதல் மணிக்கட்டு வரை தோலோடு ஒட்டியிருக்கும். வேலைக்குச் சேரும் நாளில் மாட்டினால் கடைசி நாளில்தான் பூட்டுத் திறக்கும். குளிப்பதும் தூங்குவதும் அதோடுதான். கையில் என்ன கோளாறென்றாலும் மருத்துவரான நான்கூடக் கழற்றிப் பார்க்கக்கூடாது; ஸ்லீவின் பதிவைத்தான் கேட்கவேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ!

அன்று வந்தவர் கிளாட்வின். பத்தொன்பது வருடம் சுமை தூக்கியவர். உட்காரும்போதே வாயெல்லாம் பல்.

"சீக்கிரம் கழத்துங்கம்மா. எம் பொஞ்சாதி ரோஸ்லின் கேட்ல நிக்கா. தெனமும் வெளிய போகையில வலக்கையத் தூக்கிக் காட்டுவேன். இன்னைக்கு ஸ்லீவ் இல்லாம தூக்கணுமாம். கல்யாணத்தன்னைக்குப் பாத்த கையப் பாக்கணுமாம்."

கழற்றினேன். தோல் வெளுத்திருந்தது.

"வலக்கையைத் தலைக்கு மேல தூக்கி, மடக்கி நீட்டுங்க."

தூக்கினார். மடங்கிய முன்கை நீளவே இல்லை. சரிந்து அவர் தலையிலேயே விழுந்தது.

முழங்கைக்குப் பின்னால், எலும்புக்குச் சற்று மேலே விரல் வைத்தேன். தசைநாண் இருக்கவேண்டிய இடத்தில் குழி. ஸ்கேனில் நாண் அறுந்து நாலு விரல் மேலே ஏறியிருந்தது. தசையில் பாதி கொழுப்பாகிவிட்டது.

ஸ்லீவின் பதிவைத் திறந்தேன். நான்கு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை: 'பின்முழங்கை நாண் அறுந்தது. நீட்டும் வேலையை ஸ்லீவ் ஏற்றது. கை இயங்குகிறது.' கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருப்பவள் நான்தான்.

"அன்னைக்கு டப்புன்னு சத்தம் கேட்டுச்சுன்னு ஓடி வந்தேனே," என்றார். "ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அன்னைக்கே தச்சிருந்தா சரியாயிருக்கும்." என்னையே அறையவேண்டும் போலிருந்தது. "இப்ப வேற நாண் வச்சுத் தைக்கலாம். ஆறு மாசமாவது ஆகும். பழைய பலம் வராது."

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டினதைத் திரும்ப மாட்டக்கூடாதுங்கற சட்டம் கிடக்கட்டும். கேட் வரைக்கும் ஸ்லீவை மாட்டிக்கிட்டுப் போங்க," என்றேன்.

"வேண்டாம்மா. நாலு வருசமா அவளுக்கு மெசினத்தான் தூக்கிக் காட்டியிருக்கேன். இன்னைக்காவது எங் கையக் காட்டுதேன்."

ஜன்னலில் நின்று பார்த்தேன். கேட்டருகே போய்க் கையைத் தூக்கினார். முன்கை மடிந்து நெற்றியில் விழுந்தது. சலாம் போடுகிறார் என்று நினைத்துவிட்டாள் ரோஸ்லின். வாய்விட்டுச் சிரித்தபடி, அவளும் நெற்றியில் கைவைத்துப் பதில் சலாம் போட்டாள்.