ஏழாம் ஜாயின்ட்டில் மஞ்சள் தீ

"ஐயோ...ஓ...ஓ!"

மாதம்மாளின் அலறல் டர்பைன் கூடத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

வெள்ளிக்கிழமை. பகல் பதினொன்று இருபது.

அன்பரசி கன்ட்ரோல் ரூமிலிருந்து பாய்ந்து ஓடினாள்.

குழாய்கள் வரிசையாக ஓடும் குறுகிய நடை. ஏழாவது ஜாயின்ட்டின் கீழே மல்லாந்து கிடந்தார் பாதுகாப்பு அதிகாரி தீர்த்தகிரி. சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கருகியிருந்தது. முகம்...

அன்பரசி திரும்பிக்கொண்டாள்.

"வால்வை மூடிட்டேன்!" என்று மூச்சிரைத்தார் ரஞ்சித்குமார். டர்பைனை வடிவமைத்த தலைமை இன்ஜினியர். "ஏழாவது ஜாயின்ட் லீக்! பாவம், மனுஷன் நேரா தீக்குள்ள போயிட்டார்!"

ஏழாவது ஜாயின்ட்!

நேற்று மாலை அதை முறுக்கிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் அன்பரசி!

*

நல்லம்பள்ளியைத் தாண்டியிருந்தது அந்தச் சோதனை நிலையம். வெயிலில் மின்சாரம் எடுத்து, அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்து, வருகிற ஹைட்ரஜனை எரித்து, டர்பைனைச் சுழற்றி மறுபடியும் மின்சாரம்! வெயில் போன பிறகும் விளக்கு எரிய வேண்டுமே.

திங்கட்கிழமை டெல்லியிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஒரு பிணம்.

இன்ஸ்பெக்டர் சவுரியப்பன் வந்ததும் வராததுமாக நடையின் வாசலைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆணியில வெளக்கமாறு? கண்ணாடி போட்ட ஆபீஸ்ல இதைத் தொங்கவிட வேற எடமே கெடைக்கலையா?"

"அது கூட்டறதுக்கு இல்லீங்க சார்." அன்பரசி முன்னால் வந்தாள். "ஹைட்ரஜன் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது. கிட்ட போனாலும் அனல் அவ்வளவா அடிக்காது. அதனால உள்ள போறவங்க வெளக்கமாறை முன்னாடி நீட்டிக்கிட்டே போகணும். நுனி பத்திக்கிச்சுன்னா அப்படியே நின்னுடணும்."

"இவ்ளோ பெரிய மிஷினுக்கு வெளக்கமாறுதான் காவலா!"

"தீர்த்தகிரி சார் போட்ட ரூல் சார். அது இல்லாம அவர் உள்ள காலே வெக்க மாட்டார்."

"இன்னிக்கு வெச்சிருக்காரே..."

விளக்குமாறு ஆணியிலேயே தொங்கியது. நுனி கருகவில்லை.

ரஞ்சித்குமார் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.

"பத்தடி தள்ளி நின்னேன் சார். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. வெறும் காத்து! திடீர்னு அவர் சட்டை பத்திக்கிச்சு. தீ தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டேனா? அன்பரசி நல்ல பொண்ணுதான்... என்ன, வேலையில கொஞ்சம் கவனம் பத்தாது."

சவுரியப்பன் பெருமூச்சு விட்டார்.

"ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும்மா. கவனக்குறைவால ஒரு உயிர் போயிருக்கு."

பொம்மிடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த மூன்று வருஷம் இப்படியா முடியவேண்டும்? ஜெயில்கூடப் பரவாயில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்த மனிதரைத் தன் கையே கொன்றுவிட்டதா? அந்த நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மஞ்சளா எரிஞ்சுதுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டிப் பெருக்கும் மாதம்மாள்!

"சன்னல் வழியா நான் பாத்தனுங்க. நல்லா மஞ்சளா எரிஞ்சுது!"

ரஞ்சித்குமார் சிரித்தேவிட்டார். "சார், ஹைட்ரஜன் மஞ்சளா எரியாது. ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். மிஷினுக்குக் கண்ணு படும்னு நம்பற பொம்பள இது!"

அன்பரசியும் நம்பவில்லை. படித்த படிப்பு அப்படி. தண்ணீர் கொடுக்கலாமென்று மாதம்மாளைத் தனியே அழைத்துப் போனாள்.

"பயத்துல ஏதோ தோணியிருக்கும்..."

"சத்தியமா இல்லீங்க மேடம்! வூட்டு அடுப்பாட்டம் எரிஞ்சுது. இன்னொண்ணு... திட்டாதீங்க. திங்கக்கெழம பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு காலையில நான்..."

மீதியைக் காதில் சொன்னாள்.

அன்பரசியின் கையிலிருந்த டம்ளர் நழுவியது!

"எந்த ஜாயின்ட்ல?"

"ஏழுன்னு எழுதியிருந்துச்சே, அதுலதாங்க. யாரும் பாக்கக்கூடாதுன்னு பொறத்தால..."

அன்பரசி விடுவிடுவென்று கூடத்துக்குத் திரும்பினாள்.

"சார், மாதம்மா சொன்னது நெஜம்! தீ மஞ்சளாத்தான் எரிஞ்சிருக்கு. அப்படின்னா குழாயில இருக்கறது சுத்தமான ஹைட்ரஜனே இல்ல. வேற கேஸ் கலந்திருக்கு!"

"என்ன ஒளர்றே?" ரஞ்சித்குமார் முகம் சிவந்தது.

"நூறு சதவீதம் ஹைட்ரஜன்ல ஓடற டர்பைனாம்! டூப்பு! டெல்லிக்காரங்ககிட்ட நானே சொல்லப்போறேன்."

"வாயை மூடு! ஒன்பது வருஷ உழைப்பு! ஒரு சொட்டு வேற கேஸ் கிடையாது!"

"அப்ப ஏன் மஞ்சள்?"

"உப்பு! இவ கட்டிவிட்ட கல்லுப்பு மூட்டை! உப்பு தீயில பட்டா எந்தத் தீயும் மஞ்சளாத்தான் எரியும். என் டர்பைனைப் போயி..."

பேச்சு நின்றது.

சவுரியப்பன் மெதுவாக நெருங்கினார். "கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலைன்னீங்களே சார்?"

"திருஷ்டிக்காகக் குழாய்க்குப் பின்னால கட்டின மூட்டை சார்," என்றாள் அன்பரசி. "இப்ப எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. எரியறப்ப கிட்ட நின்னு பார்த்தவருக்குத்தான் அது தெரியும்!"

அவள் ரஞ்சித்குமாரை நேராகப் பார்த்தாள்.

"நான் முறுக்கின ஜாயின்ட்டைத் தளர்த்திப் பத்த வெச்சீங்க. வெளக்கமாறை எடுக்கவிடாம அவசரமாக் கூப்பிட்டீங்க. தெரியாத தீயில தானா விழுவார்னு நெனச்சீங்க. உப்பு தீயை மஞ்சளாக் காட்டிக்கொடுத்திருச்சு. அவர் நின்னுட்டார்... தள்ளிவிட்டீங்க!"

"இந்த வெயில்ல முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுப் பட்டன் போட்டிருக்காரேன்னு அப்பவே பாத்தேன்." சவுரியப்பன் ரஞ்சித்குமாரின் சட்டைக் கையை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டார்.

முழங்கை வரை முடி பொசுங்கி, தோல் கொப்பளித்திருந்தது!

ரஞ்சித்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பர்னர்ல விரிசல்... தீ குழாய்க்குள்ள பின்னால திரும்புது, திங்கக்கிழமை ஓட்டாதேன்னு தீர்த்தகிரி ரிப்போர்ட் எழுதிட்டான். மூணு நாள்... மூணே நாள் பொறுத்திருக்கலாம்..."

அன்பரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. விடுதலையான நிம்மதியில் இல்லை. நின்றுவிட்ட மனிதரைத் தள்ளிவிட்டாரே என்று.

"மிஷினு நல்லா இருக்கட்டும்னுதாங்க கட்டினேன்..." மாதம்மாளும் விசும்பினாள்.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். ரஞ்சித்குமார் முனகினார். "போயும் போயும் ஒரு பிடி கல்லுப்பு..."

சவுரியப்பன் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க சார்! இனிமே அந்தக் கவலையே இல்ல... ஜெயில் சாப்பாட்டுல உப்பே இருக்காது!"