குழாயடி மோகினிக்கு இரண்டு மதிப்பெண்

12 அக்டோபர், ஞாயிறு

இன்றைய தவறு: ஒரு பேய்ப் படத்துக்குத் தப்பாக மதிப்பெண் போட்டுவிட்டேன். போட்டது போன வாரம். தப்பு என்று தெரிந்தது இன்று. இதை எந்த நாளின் தவறாக எழுதுவது என்று தெரியவில்லை. மஞ்சுளா மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

மாலை வகுப்பில் நாங்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுதுகிறோம். முதலில் தேதி, பிறகு அன்றைய தவறு, கடைசியில் நாளைய வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். எனக்கு நடுவில்தான் நிறைய இருக்கிறது.

என்னிடம் இன்னொரு நோட்டும் உண்டு. அதில் பேய்ப் படங்களுக்கு மதிப்பெண் போடுகிறேன். எல்லோரும் பார்த்த படங்களை எடுப்பதில்லை. அதிகம் பேர் பார்க்காமல் போனில் ஒரு மூலையில் கிடக்கும் படங்கள்தான். பயத்துக்குப் பத்து, சிரிப்புக்குப் பத்து. இதுவரை முப்பத்தோரு படங்கள்.

இந்த நோட்டை நம்பி எட்டுப் பேர் இருக்கிறார்கள். என் அப்பா குருமூர்த்தியும், அவருடைய ரிக் வண்டியில் இருக்கும் ஏழு பேரும். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் பெரிய லாரி. எங்கள் திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு பேராவது ரிக்கில் வேலை செய்வார்கள். இப்போது அப்பாவின் வண்டி சத்தீஸ்கரில் நிற்கிறது. வேலை சீக்கிரம் முடியும் நாட்களில் அப்பாவின் போனை ஒரு டிரம் மேல் சாய்த்து வைத்துப் படம் பார்ப்பார்கள். என்ன படம் என்று நான்தான் சொல்வேன்.

இந்த முறை சொன்னது ‘குழாயடி மோகினி’. பயம் இரண்டு, சிரிப்பு எட்டு.

இன்று அப்பா போன் செய்தார். வெள்ளிக்கிழமை படம் பார்த்தார்களாம். பாதிப் படத்தில் சடையன் மாமா கத்திக்கொண்டே ஓடி, லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

சடையன் மாமாதான் அவர்களுக்குச் சமையல். மேச்சேரிக்காரர். அவர் ரசம் வைத்தால் பக்கத்து ரிக்கிலிருந்து ஆட்கள் தட்டோடு வந்துவிடுவார்களாம். தினமும் நாலு மணிக்கு எழுந்து, தனியாக அடுப்புப் பற்றவைப்பார். இப்போது தனியாக எழுந்திருக்க மாட்டேன் என்கிறாராம். தோண்டிய குழிப் பக்கமே போவதில்லையாம். ஏனென்றால் அந்தப் படத்தில் மோகினி ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளிருந்துதான் வருகிறாள்.

அது எனக்குத் தெரியாது.

“நம்ம வண்டி கோகுல்ராஜ் அவரெ உடமாட்டேங்கறான் கண்ணு,” என்றார் அப்பா. “பாப்பா ரெண்டே மார்க் போட்ட படத்துக்கு மீசை வெச்ச ஆளு ஓடறாரேன்னு நாளெல்லாம் சிரிக்கறான். மாமா செவ்வாக்கெழம ரயிலேறி ஊட்டுக்கே போறேங்கறார்.”

மாமாவிடம் பேச வேண்டும் என்றேன். அதற்கு முன் கொல்லைக்கு ஓடினேன். அங்கே கிணற்றுக்குள் இறக்கும் போர் குழாயின் துண்டு ஒன்று கிடக்கிறது. அதற்குள் என் தலையை விட்டுப் பார்த்தேன். காது வரைகூடப் போகவில்லை.

“மாமா, குழி ஆறரை இஞ்ச்தானுங்க? என் தலையே நுழையலீங்க. மோகினிக்குக் கொண்டை வேற இருக்குது.”

“பேய்க்கு எதுக்கு சாமி இஞ்ச் கணக்கு? அது பொகையாட்டம் வரும்,” என்றார் மாமா.

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு நோட்டை எடுத்து, ஏன் இரண்டு போட்டேன் என்று யோசித்தேன். படம் பார்த்தது நினைவுக்கு வந்தது. நாலு இடங்களில் என் இரண்டு கைகளும் முகத்தின் மேல் இருந்தன. நான் பார்த்தது சிரிப்பை மட்டும்தான். பயத்தைப் பார்க்கவே இல்லை.

நாளைய வேலை: படத்தை முழுதாகப் பார்ப்பது. இந்த முறை கண்ணைத் திறந்து.

13 அக்டோபர், திங்கள்

இன்றைய தவறு: மாலை வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதம். காரணம் மோகினி.

பள்ளி விட்டு வந்ததும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படத்தைப் போட்டேன். நாற்பத்து மூன்றாவது நிமிடம். சத்தம் முழுவதும் நின்றது. குழியிலிருந்து ஈர முடி, பிறகு ஒரு விரல், பிறகு கண். அந்த நடிகை கண்ணை இமைக்கவே இல்லை. நான் எண்ணினேன். முப்பத்தெட்டு வரை எண்ணிய பிறகு எண்ண மறந்துவிட்டேன்.

எவ்வளவு நல்ல படம். ஒரே தெரு, ஒரே குழாய், ஒரு பழைய குடம். இவ்வளவை வைத்துக்கொண்டு என் முதுகெல்லாம் சில்லென்று ஆக்கிவிட்டார்கள். இதைப் போய்க் கையால் மூடியிருந்தேனே.

கடைசிக் காட்சியும் அப்படித்தான் தவறிப்போயிருக்கிறது. மோகினி யாரையும் பிடிக்க வரவில்லை. உயிரோடு இருந்தபோது அந்தக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க அவளுக்கு யாரும் முறை கொடுக்கவில்லை. அதனால் குடத்தோடு வந்து வரிசையில் நிற்கிறாள். கடைசியில் ஒரு சின்னப் பெண் நகர்ந்து வழிவிடுகிறாள். மோகினி குடத்தை நிரப்பிக்கொண்டு, ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

புதிய மதிப்பெண்: பயம் ஒன்பது.

இதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும். சொன்னால் இனி என் நோட்டை யாரும் நம்ப மாட்டார்களோ என்று வகுப்பு முழுக்க யோசித்தேன். ஆனால் சடையன் மாமாவுக்கு ரயில் நாளைக்கு.

வகுப்பு முடிந்ததும் அம்மாவின் போனில் அழைத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“நான் போட்ட ரெண்டு மார்க் தப்புங்க,” என்றேன். “பயமான எடத்துல எல்லாம் கண்ண மூடிட்டேன். இன்னிக்குத் தொறந்து பார்த்தேன். ஒம்போது மார்க். சடையன் மாமா பயந்ததுதான் சரி.”

அந்தப் பக்கம் கோகுல்ராஜ் அண்ணன் மெதுவாகச் சொன்னார். “நானுந்தான் மூடிட்டேன் பாப்பா.”

“நீயுமாடா?” என்றது ஒரு குரல். அதற்குள் இன்னொருவர், அந்த நேரத்தில் அப்பா டீசல் பார்க்கப் போனதை நினைவுபடுத்தினார். டீசல் டேங்க் நிரம்பித்தான் இருந்ததாம். அப்பா இருமினார்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, சடையன் மாமா பார்க்காமல் ஓடிப்போன கடைசிக் காட்சியை அவருக்குச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ அது தண்ணிக்குத்தான் வந்துச்சா?”

“ஆமாங் மாமா. ஒரே ஒரு கொடம்.”

“அதெ மொதல்லயே சொல்லப்படாதா? நாம தண்ணி எடுத்துக் குடுக்கறவிய. காலைல மொதக் கொடத்தெ அதுக்குன்னு வெச்சுட்டு அப்பறம் ஒலை வெச்சாப் போச்சு.”

ரயில் என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார். நாளைக்கு எட்டுப் பேருக்குப் பருப்பு ஊறப் போட்டாச்சு, இப்போது எங்கே போவது என்றார் மாமா. அடுத்த படம் என்ன என்றும் கேட்டார். இதுவும் குழியாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமாம்.

நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதன் தலைப்பு ‘கண் திறந்திருந்ததா?’ பழைய முப்பது படங்களையும் அதில் நிரப்ப வேண்டும். பதினொன்றில் சந்தேகம் இருக்கிறது.

நாளைய வேலை: ‘தயிர்க்கடை ஆவி’, முதல் பாதி. கைகள் தொடைக்கு அடியில்.