இடது பக்கம் திரும்பிப் படுங்கள்

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட மறுவாரம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், டாக்டர் தன் இரண்டு பெட்டிகளோடு கணவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பழைய மாடி வீடு. சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. கீழே மாமியார், மேலே இவர்கள் இருவரும் என்று ஏற்பாடு. மாடிக்குப் போகும் மரப்படிகள் செங்குத்தாக இருந்தன.

"பார்த்து ஏறும்மா. இந்தப் படிக்கட்டு ஆளையே முழுங்கிடும்" என்று மாமியார் சிரித்தாள்.

கணவருக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று பழகத் தொடங்கிய நாட்களிலேயே அவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நாற்பதை நெருங்கும் இரண்டு பேர் சேர்ந்து வாழலாம் என்று முடிவெடுத்தால், ஒருவர் மனசை இன்னொருவர் துழாவிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இதய நோய்ப் பிரிவில் வேலை. அந்த மாதங்களில் இரவு டூட்டி. கணவர் குடிநீர் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் வீடு திரும்புவாள். சாப்பிட்டுவிட்டு மாமியார் அடுத்த தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் டாக்டர் மட்டும் தனியாகத் தூங்குவாள்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது.

யாரோ படி ஏறினார்கள். சில படிகள். பிறகு நின்றுவிட்டார்கள். வாயைத் திறந்து, தோளால் இழுத்து இழுத்து விடும் மூச்சு. இன்னும் இரண்டு படி. மறுபடியும் நின்றார்கள்.

அத்தை திரும்பிவிட்டார் என்றுதான் நினைத்தாள். பாதித் தூக்கத்திலும் புத்தி தன் வேலையைப் பார்த்தது. முழங்கால் வலிக்காரர்கள் ஒவ்வொரு படிக்கும் முனகுவார்கள். இது வேறு. இது மூச்சுக்காக நிற்பது. இதயம் ஈடுகொடுக்காதவர்கள் வார்டுக்கு இப்படித்தான் நடந்து வருவார்கள்.

"அத்தை, எத்தனை நாளா உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள்.

படிக்கட்டில் யாரும் இல்லை.

கீழே வாசல் கதவு, அவள் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

அதன் பிறகு அது தினசரி வந்தது. அவள் ஒரே தலையணை வைத்துப் படுப்பவள். மற்றவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். கண் விழித்தால், பக்கத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டிலின் தலைமாட்டில் சாய்த்து அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு முதுகு சாய்ந்திருந்த பள்ளம். சாரல் உள்ளே அடித்தாலும் ஜன்னல் விரியத் திறந்து கிடக்கும், காற்று போதாத யாரோ தள்ளித் திறந்ததுபோல. குளியலறையிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் காலடிகள். நடுவளைவே இல்லாத, உப்பிப்போன பாதங்கள்.

ஒரு நாள் இருமல் சத்தம் கேட்டு எழுந்தாள். மேல் தலையணையின் உறையில் இளஞ்சிவப்பாக நுரை. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை வெளிச்சத்துக்குக் கொண்டு போவதற்குள் ஈரம்கூட மிஞ்சவில்லை.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் வந்தது நோயின் பெயர்தான்.

அன்று சாயங்காலம், டூட்டிக்குக் கிளம்பும் முன் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"மூத்தவங்களுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குமா?"

கணவரின் கை தட்டிலேயே நின்றது. பதில் சொன்னது மாமியார்.

"யாரு, மகாராணிக்கா? ஏன் கேக்குற! அவ மாடி ஏறி முடிக்கிறதுக்குள்ள கீழ உலை கொதிச்சு இறங்கிடும். பாதியில நின்னு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பார்வை பாப்பா பாரு, இமயமலை ஏறினவ மாதிரி."

"சாயங்காலமானா கால் வீங்குமா?"

"செருப்பு பத்தலைன்னு வாரை அறுத்து வெச்சிருந்தா. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தா கால் வீங்காம என்ன செய்யும்?"

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல் வந்து படுத்திருக்காங்களா?"

"அவங்க அம்மா சொல்லியிருக்காங்க" என்றார் கணவர் மெதுவாக. "பள்ளிக்கூடத்துல படிக்கும்போது."

"ஒரு டாக்டர்கிட்டகூட காட்டலையா?"

"என்னத்துக்கு?" மாமியாருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கன்னம் ரெண்டும் செவசெவன்னு ஆப்பிள் மாதிரி இருக்கும். நோயாளி மூஞ்சியா அது? வேலை செய்ய மனசு வரலை, அவ்வளவுதான்."

சின்ன வயதில் வரும் மூட்டுக் காய்ச்சல் பின்னாளில் இதய வால்வைச் சுருக்கிவிடும் என்று டாக்டருக்குத் தெரியும். இதய வால்வு சுருங்கியவர்களின் கன்னத்தில் அந்தச் சிவப்பு ஏறும். உள்ளே ரத்தம் போக வழியில்லாமல் தேங்கி நிற்பதை முகம் அப்படித்தான் சொல்லும். இந்த வீடு அதைப் பார்த்து ஆரோக்கியம் என்று நினைத்திருக்கிறது.

"கடைசியில எப்படிப் போனாங்க?"

"படுத்தா மூச்சு முட்டுதுன்னு மூணு தலையணையை அடுக்கி சாஞ்சுக்குவா. ராஜ தர்பார்தான். மனுஷங்க மாதிரி நேரா படுத்துப் பழகட்டும், எல்லாத்தையும் உருவிடுடான்னு நான்தான் இவன்கிட்ட சொன்னேன். உருவினான். விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முந்தின நாளே உடம்பு கொஞ்சம் சுட்டுது. காய்ச்சல்தான்." மாமியார் குழம்புக் கரண்டியை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிறியா?"

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் டாக்டர் தூங்கவில்லை. அலமாரியைத் திறந்து தலையணைகளை அவளே எடுத்து அடுக்கினாள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, ஸ்டெதாஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

படிகள் முனகின. நின்றன. முனகின.

கதவு அசையவில்லை. ஆனால் அறைக்குள் ஒரு வாடை வந்தது, காயாத துணியும் துருப்பிடித்த இரும்பும் கலந்ததுபோல. கட்டில் ஒருமுறை தாழ்ந்தது. தலையணையின் நடுவில் மெல்ல மெல்லப் பள்ளம் விழுந்தது.

வார்த்தைகள் பழக்கத்தில் தானாக வந்தன.

"பயப்படாதீங்கம்மா. நான் டாக்டர். நெஞ்சுல வெச்சுப் பாக்கட்டுமா?"

மூச்சு மட்டும் இரைத்தது.

ஸ்டெதாஸ்கோப்பை வெறும் காற்றில் நீட்டினாள். ஓரிடத்தில் அது எதன் மீதோ பட்டு நின்றது.

துடிப்பு. ஒன்றோடொன்று ஒட்டாமல், தடுக்கித் தடுக்கி ஓடும் துடிப்பு.

"இடது பக்கம் திரும்பிப் படுங்கம்மா."

கட்டில் கிறீச்சிட்டது. பள்ளம் நகர்ந்தது.

"மூச்சை வெளிய விட்டு, அப்படியே நிறுத்துங்க."

இரைத்துக்கொண்டிருந்த மூச்சு நின்றது. அந்த அமைதியில் அது தெளிவாகக் கேட்டது. தூரத்து மரப்பாலத்தில் பாரவண்டி உருளுவதுபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் தாழ்ந்த ஓர் உறுமல். எத்தனையோ நெஞ்சுகளில் கேட்ட சத்தம்தான். நேரத்தோடு கண்டுபிடித்தால் பிழைக்க வைத்துவிடக்கூடிய நோய்.

"உங்களுக்கு வால்வு சுருங்கியிருக்கும்மா. நீங்க சோம்பேறி இல்லை. பொய் சொல்லலை. நான் நம்புறேன்."

அவ்வளவு போதும் என்று அவள் நினைத்திருந்தாள். யாரும் நம்பாததால் போகாமல் இருப்பவள், ஒருத்தி நம்பினால் போய்விடுவாள் என்று.

அவள் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. வீங்கிய, சில்லென்ற விரல்கள்.

"சரியாயிடுமா டாக்டர்?"

காதோரத்தில், பாதி மூச்சும் பாதிப் பேச்சுமாக.

எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில், யோசிக்கும் முன்பே வந்துவிட்டது.

"சரியாயிடும்மா. நான் பாத்துக்கிறேன்."

பிடி தளர்ந்தது. மெத்தை மெல்ல மேலெழுந்து சமமானது.

அதற்குப் பிறகு வீடு அடங்கிவிட்டது. படிகள் முனகவில்லை. பூட்டிய அலமாரி பூட்டியபடி இருந்தது. வந்த நாளிலிருந்து முதன்முறையாக டாக்டர் அயர்ந்து தூங்கினாள்.

பிறகு வார்டில் ஒரு லாரி டிரைவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

மரப்பாலத்தில் வண்டி உருண்டது.

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுக்க அனுப்பினாள். வால்வு சுத்தமாக இருந்தது. அடுத்த கட்டிலில் ஒரு கிழவர். அதே உறுமல். அவருக்கும் எக்கோவில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு தச்சர், தச்சரைப் பார்க்க வந்து மயங்கி விழுந்த அவர் தம்பி. எல்லா நெஞ்சிலும் அதே தடுக்கல், அதே உறுமல். அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டாள். அங்கேயும் அதுதான்.

"என்ன டாக்டர், ஊருக்கே வால்வு சுருங்கிடுச்சா?" என்று எக்கோ எடுப்பவர் கேலி செய்தார். பெரிய டாக்டர் கேலி செய்யவில்லை. லீவு எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்.

லீவுக்கு முந்தைய நாள் தையல்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கன்னங்கள் கருஞ்சிவப்பாக இருந்தன. கால் வீங்கியிருந்தது.

"படுத்தா மூச்சு முட்டுது டாக்டர். உட்கார்ந்தேதான் தூங்குறேன்."

டாக்டர் அந்தக் கன்னங்களைப் பார்த்தாள். அந்தக் குரலைக் கேட்டாள். இதுவும் மூத்தவள்தான், இந்த முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள், உறுமல் கேட்டது. இனி எந்தச் சத்தத்தை நம்புவது?

"ஒண்ணுமில்லம்மா. நல்லா தூங்குங்க, சரியாயிடும்."

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாயில் இளஞ்சிவப்பு நுரை. ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடலைத் திறந்து பார்த்தபோது, வால்வு ஒரு குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்ததாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, கீழே அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, கிசுகிசுத்தார்.

"என்கிட்ட அவ எதையும் கேட்டதில்ல. ஒரு தடவைகூட. உன்கிட்ட கேட்டிருக்கா. பாத்துக்கிறேன்னு வேற சொல்லிட்ட. இனிமே உன்னை விட மாட்டா."

அவள் அந்த வீட்டை விட்டாள். அவரையும் விட்டாள். ரயிலில் ஒரு பகல் முழுக்கத் தள்ளிப் போய், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே ஸ்டெதாஸ்கோப் அவள் கழுத்தில் வெறுமனே தொங்கியது. எதற்கும் மெஷின்தான், எல்லோருக்கும் எக்கோதான். நெஞ்சில் கை வைக்காத டாக்டர் என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள். மெலிந்துபோனாள். யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டாள்.

பார்வையாளர் நேரத்தில், ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான காவலாளி இறந்தார். அப்போது பணியில் இருந்த டாக்டர் அவள் ஒருத்திதான். மானிட்டரில் கோடு நேராக ஓடியது. கண்மணிகள் விரிந்து நின்றுவிட்டன. கை சில்லிட்டிருந்தது.

"போயிட்டாருப்பா" என்றாள்.

காவலாளியின் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "மெஷினை நான் நம்ப மாட்டேன் டாக்டர். ஒரு தடவை அப்பா நெஞ்சுல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். இறந்தவரின் நெஞ்சிலாவது அமைதி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வைத்தாள்.

தடுக்கித் தடுக்கி ஓடியது துடிப்பு. இடையில் உறுமல்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தாள். "இல்லப்பா. எதுவும் இல்ல."

"அப்புறம் ஏன் டாக்டர் நீங்க அழுவுறீங்க?"

மகன் அவளைத் தள்ளிவிட்டுக் குனிந்து, தன் காதை நேராக அப்பாவின் நெஞ்சில் வைத்தான்.

வார்டு முழுவதும் அமைதியானது.

அவன் முகம் மலர்ந்தது.

"துடிக்குது!" என்று கத்தினான். "அம்மா, இங்க வா! அப்பாவுக்குத் துடிக்குது!"

நர்ஸ் ஓடி வந்து, தானும் காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் உதடுகள் வெளுத்திருந்தன. மானிட்டரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், பின்னால் நகர்ந்து நகர்ந்து போய்ச் சுவரில் முட்டி நின்றாள்.

பொழுது சாய்வதற்குள் அந்த உடல் கட்டைபோல் விறைத்துவிட்டது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மகன் நெஞ்சிலிருந்து காதை எடுக்க மறுத்தான். "நிக்கலை, இன்னும் நிக்கலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை.