ஏழாம் நம்பர் அறையின் படுக்கை

விரித்து ஐந்து நிமிடம்கூட ஆகாத வெள்ளை விரிப்பில் ஒரு குழி விழுந்திருந்தது. யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்து அப்போதுதான் எழுந்துபோனது போல, தோள் பதிந்த இடம் அகலமாகவும் முழங்கால் மடங்கிய இடம் குறுகலாகவும் இருந்தது. அம்சா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

“இன்னா அண்ணாத்த இது? முன்னாடி யாரு இருந்தாங்க இங்க?”

“யாரும் இல்லம்மா. லாட்ஜ் தொறந்தே பத்து நாளுதான் ஆவுது. இந்த ரூமுக்கு நீதான் மொத ஆளு” என்றார் மானேஜர் எல்லப்பன். படுக்கைப் பக்கம் திரும்பாமலே அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பின்னால், வண்டிச் சத்தம் அதிகம் எட்டாத தெருவில் இருந்தது அந்தப் புது லாட்ஜ். மொசைக் தரை, டியூப் லைட், திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய். முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்கும் அம்சா இப்படி ஓர் அறையில் தங்கியதே இல்லை. படகு முதலாளி ராஜாராமின் ஆட்கள் அதே குப்பத்துப் பொன்னியின் குடிசைக்குத் தீ வைத்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பொன்னி வெளியே வரவில்லை. நாளை காலை பத்து மணிக்கு அம்சா சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும். அறை பிடித்துக் கொடுத்த வக்கீல் குமாஸ்தா, “நான் வந்து கூப்புட்றவரைக்கும் கதவத் தொறக்காத, யாரு கூப்டாலும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர் டீக்கடையில் ராஜாராமின் ஆட்கள் இரண்டு பேர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போக வழியில்லை.

ஐந்து மணிக்குக் கொளவாய் ஏரிப் பக்கமிருந்து மழை வந்தது. கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றதும், ஈரச் சிமென்ட்டின் வாசனையும் புது வார்னிஷ் நெடியும் அறையில் தேங்க, மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் அவளுக்குக் கேட்டது. நிதானமாக, விட்டு விட்டு, உறங்குகிறவர் விடும் மூச்சு. விரிப்பு லேசாக உயர்ந்து தாழ்ந்தது.

அவள் விரிப்பைப் பிடித்து இழுத்து உதறினாள். அடியில் மெத்தை மட்டும்தான். அதிலும் அதே குழி.

விரிப்பைக் கீழே போட்டாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“ராஜாராமுக்கே பயப்படல நானு. உனக்கா பயப்படுவேன்? நீ யாரா வேணா இரு. இன்னிக்கு இது என் ரூமு. தள்ளிப் படு!”

மூச்சு நின்றது. மெத்தை முனகியது. குழி அவள் கண்ணெதிரே மெதுவாக நகர்ந்து சுவரோரம் ஒதுங்கிக்கொண்டது.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். எழவே இல்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் படியில் காலடிகள் கேட்டன. ஒருவருடையது அல்ல.

“அம்மா, டிபன் கொணாந்துகீறேன். தொற.” எல்லப்பனின் குரல் உடைந்திருந்தது.

“அங்கியே வெச்சிட்டுப் போ அண்ணாத்த.”

யாரோ அவரை விலக்கித் தள்ளும் சத்தம் கேட்டது. கதவில் ஒரு தோள் மோதியது. மறுபடியும் மோதியது. அம்சா பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள்.

“பொன்னி எரிஞ்சத என் கண்ணால பாத்தேன்டா! நாளைக்கு சொல்லத்தான் போறேன்! முடிஞ்சா ஒடைச்சிகினு வாங்க!”

கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் தாங்கியது.

அவளுக்குப் பின்னால் மெத்தை முனகியது.

மொசைக் தரையில் வெறுங்கால்.

ஓர் அடி.

இன்னொன்று.

திரும்பக் கூடாது. அவள் திரும்பவில்லை.

பிடரியில் மூச்சுக்காற்று. அவள் கைகளின் மேல் ஒரு கை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஐந்து விரல்கள். சூடு.

“மாட்டேன்” என்றாள். “தொறக்க மாட்டேன்.”

அவள் விடவில்லை. அதுவும் விடவில்லை. அவளுடைய விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அந்தக் கை தாழ்ப்பாளை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்தது.