மோகனாவின் டிஸ்க் திறக்கவில்லை

மோகனா செத்து மூன்று நாள்.

அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் அதை நம்பவில்லை.

'இந்த மெஷின் வேறு இடத்தில் உபயோகத்தில் உள்ளது. திறக்க முடியாது.'

ஐந்தாவது முறையாக அதே செய்தி...

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி. இரண்டாவது மாடி, ஷூவுக்குத் தோல் வெட்டும் அளவுகளை வரையும் பேட்டர்ன் ரூம். சங்கீதா மவுசை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கம்பெனியின் சிஸ்டம் டிபார்ட்மென்ட் மொத்தமும் அவள்தான். அந்த ரூமில் பேட்டர்ன் வரைந்த மோகனா அவளுடைய அக்கா. காலையில்தான் பால் தெளித்துவிட்டு வந்திருந்தாள்.

"கேபிளை மாத்திப் பாத்தியாமா?" மேனேஜர் ஹபீப் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாத்திட்டேன் சார். டிஸ்கை வேற கம்ப்யூட்டர்லயும் போட்டேன். சாஃப்ட்வேரை அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினேன். அதே எரர்."

மோகனாவின் பேட்டர்ன் சாஃப்ட்வேர் பழசு. புது விண்டோஸில் ஓடாது. அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை, வர்ச்சுவல் மெஷினாக, சங்கீதாதான் செய்து கொடுத்திருந்தாள். எல்லாம் கையகல ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குள். ஜெர்மன்காரனுக்குப் போக வேண்டிய புது ஷூவின் பேட்டர்னும் அதற்குள்தான்.

அதே பேட்டர்ன் வேறொரு கம்பெனி கையில் இருப்பதாக வெள்ளிக்கிழமை காலை தகவல் வந்தது.

மத்தியானம், பின்பக்க இரும்புப் படிக்கட்டின் அடியில் மோகனா கிடந்தாள்.

"வித்துட்டா... மாட்டிக்கினதும் குதிச்சிட்டா." கம்பெனி முழுக்க இதே பேச்சு.

எஸ்.ஐ. பூங்குழலி கேஸ் ஃபைலை மூடத்தான் வந்திருந்தாள். அதற்கு முன் ஒரு கேள்வி.

"உங்க அக்கா கடைசியா பேசினது உன்கிட்டதான். 12.52. நாப்பது செகண்ட். இன்னா சொன்னா?"

"அக்கா எனக்குப் போன் பண்ணவே இல்ல மேடம்."

"அவ போன்ல இருக்குதே."

"என் போன்ல இல்லயே..."

பூங்குழலியின் பார்வை மாறியது.

"அவ மூணு நாளா சாப்பிடல மேடம். விட்டுடுங்க."

வாசலில் ஜெயப்பிரகாஷ். கட்டிங் சூப்பர்வைசர். சங்கீதாவின் கணவன். மேஜையில் திறந்திருந்த அவளுடைய லேப்டாப்பைப் பட்டென்று மூடி, அதன்மேல் டீ டம்ளரை வைத்தான்.

"அணைக்காம மூடாதீங்கன்னு..." பழக்கத்தில் ஆரம்பித்தவள், தெம்பில்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஆறிடப்போவுது, குடி. இதுக்குப் போயி பேஜார் ஆவாத சங்கீ. லாக் ஃபைல்னு ஒண்ணு இருக்குமாம். அதை டெலீட் பண்ணா திறந்துக்கும். நெட்ல அதான் போட்டிருக்கான்."

சரியான வைத்தியம்தான். திறக்கப்பட்ட மெஷின் தனக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும். ஒழுங்காக அணைத்தால் பூட்டு தானே அழியும். அணைக்காமல் டிஸ்கைப் பிடுங்கினால் அப்படியே நிற்கும்.

அக்கா ஒருநாளும் அணைக்காமல் எழுந்தவள் இல்லை.

டெலீட் பட்டனுக்குப் போன விரல் நின்றது...

சங்கீதா அந்தப் பூட்டு ஃபைலை நோட்பேடில் திறந்தாள். பூட்டிய கம்ப்யூட்டரின் பெயர் அதில் இருக்கும்.

இருந்தது.

சங்கீதா-லேப்டாப். வியாழக்கிழமை. மாலை 6.50.

"இது... உன் லேப்டாப்பாமா?" ஹபீப்பின் குரல் உடைந்தது.

ஜெயப்பிரகாஷ் முந்திக்கொண்டான். "நான் இன்னா சொல்றது மேடம்... அவ பேருதானே போட்டிருக்குது."

மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். ஒரே வரியில் அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

சங்கீதா டீயைத் தொடாமல் நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழம சாயங்காலம் நானும் அக்காவும் திருப்பத்தூர்ல இருந்தோம் மேடம். அம்மாவுக்குக் கண்ணு காட்ட. ஆஸ்பத்திரி சீட்டு இருக்குது. லேப்டாப் வீட்ல. கூட இவரு."

அக்கா குறிப்பு வைக்கும் இடம் நினைவுக்கு வந்து, கீபோர்டை நகர்த்தினாள். அடியில் ஒரு பேட்டர்ன் அட்டை. அக்காவின் பென்சில் எழுத்து.

'சங்கீ லேப்டாப். வியாழன் 6.50. சங்கீ என்கூட இருந்தாளே?'

சங்கீதா அட்டையைப் பூங்குழலியிடம் நீட்டினாள்.

"அக்காவும் இதே எரரைப் பாத்திருக்கா. ஹபீப் சார்கிட்ட போகல. எனக்குத்தான் முதல்ல போன் பண்ணியிருக்கா... நான் அசிங்கப்படக் கூடாதுன்னு. என் போன் சிஸ்டம் ரூம்ல சார்ஜ்ல கிடந்துது. நான் கேன்டீன்ல இருந்தேன்."

"அப்ப எடுத்தது யாரு?" என்றாள் பூங்குழலி.

"போன வாரம் அந்த ரூமுக்குப் புதுசா கேமரா போட்டேன் மேடம். இவருகிட்ட கூட சொல்லல."

திரையில் வெள்ளிக்கிழமை, 12.52. ஜெயப்பிரகாஷ் அவள் போனை எடுத்துக் காதில் வைக்கிறான். பிறகு கட்டைவிரலால் எதையோ அழிக்கிறான். பின்பக்கப் படிக்கட்டை நோக்கி நடக்கிறான்...

"அந்தக் கம்பெனியில மேனேஜர் போஸ்ட் தர்றேன்னாங்க சங்கீ... டிஸ்கை வீட்டுக்கு எடுத்தாந்து காப்பி பண்ணிக் குடுத்துட்டேன்." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "போன்ல உங்க அக்காவப் படிக்கட்டாண்ட வரச் சொன்னேன். உன்கிட்ட சொல்லிடுவேன்னா. வேணாம்னு கையப் புடிச்சேன். உதறினா... தள்ளிட்டேன்."

பூங்குழலி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "நட."

வாசலில் அவன் திரும்பினான். "எல்லாத்தையும் மூடிட்டேன்னு நெனச்சேனே..."

சங்கீதா அழுதுகொண்டே லேப்டாப் மேலிருந்த டம்ளரை எடுத்தாள்.

"எத்தினி வாட்டி சொல்லியிருக்கேங்க... ஷட் டவுன் பண்ணிட்டு மூடுங்கன்னு. கேட்டாதானே?"