நூற்றுப் பதினேழாம் எண் வேங்கை

"நான்தான் சார் அந்தத் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். என் புருஷனை நானே மாட்டி விட்டுட்டேன்."

வனக்காவலரின் மனைவி உட்காரவே இல்லை. காப்புக்காட்டின் மிகப் பழைய வேங்கை மரத்தைப் போன வாரம் யாரோ வெட்டிக் கடத்திவிட்டார்கள். அந்த மரத்தின் எண்ணான நூற்றுப் பதினேழைப் பொறித்த தகடு அவள் வீட்டுத் துணிப்பெட்டியில் கிடந்தது. பயத்தில் அதை வன அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இன்று பகல் இரண்டு மணிக்குப் பிடிபட்ட காவலரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

"பெட்டியை யாரெல்லாம் தொட்டாங்க?" என்றார் துப்பறிவாளர்.

"வேற யாரும் இல்ல. ஆபீஸ் எழுத்தர் புதுச் சீருடை கொண்டுவந்தார். மடிப்புக் கலையாம அப்படியே உள்ள வச்சேன்."

துப்பறிவாளரின் மச்சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அத்தான், மணி பதினொண்ணு!"

காட்டில், வெட்டுண்ட அடிமரத்தைச் சுற்றி மரத்தூள் சிதறிக் கிடந்தது. கூடு இழந்த மலையணில் ஒன்று பக்கத்து மரத்தில் கத்திக்கொண்டே இருந்தது. துப்பறிவாளர் அந்தப் பக்கத்து மரத்தில் ஆணியடித்திருந்த எண் தகட்டைக் காட்டி, "பிடுங்கு, பார்ப்போம்," என்றார்.

மச்சானுக்கு நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். தகடு அடித்த பன்னிரண்டு வருடங்களில் மரம் பருத்து, பட்டை தகட்டின் நான்கு ஓரங்களையும் விழுங்கியிருந்தது.

அலுவலகத்தில் வன அதிகாரி, எழுத்தர், வனக்காவலர் மூவரையும் வைத்துக்கொண்டே துப்பறிவாளர் துணிப்பெட்டியில் கிடைத்த தகட்டை ஈரத்துணியால் துடைத்தார். மேலே பூசியிருந்த காய்ந்த சேறு போனதும் பளபளத்தது.

"மரத்துல இருந்ததுன்னா உளியால நெம்பணும். ஓரம் நசுங்கியிருக்கும், ஆணி ஓட்டையில துரு இருக்கும். இது ஆணியையே பார்க்கலை. ஒவ்வொரு எண்ணுக்கும் ரெண்டு தகடு செஞ்சீங்களா?"

"ஆமா, தொலைஞ்சா மாத்துறதுக்கு. இன்னொண்ணு பீரோவுல..." அதிகாரியின் பார்வை எழுத்தரின் சாவிக்கொத்துக்குப் போனது.

"நாற்காலியை விட்டே எழுந்திருக்காதவருக்கு மரம் பருத்துத் தகட்டை விழுங்கும்னு எப்படித் தெரியும்?" என்றான் மச்சான்.

எழுத்தர் முகத்தில் ஈயாடவில்லை. "மரம் ஏத்தின லாரிக்கு வழிச்சீட்டு நான்தான் எழுதிக் கொடுத்தேன். மாட்டிக்குவேன்னு பயந்து தகட்டைச் சீருடை மடிப்புக்குள்ள வச்சேன்..."

காவலர் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. வாசலில் காத்திருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"நீ கொடுத்ததாலதான் குட்டு வெளிப்பட்டுச்சு. நீ மறைச்சு, அவங்க தேடி எடுத்திருந்தா நான் உள்ளதான்," என்றார் அவர்.

"மறைக்கத்தான் நினைச்சேன். நீங்க வெட்டியிருப்பீங்கன்னு நம்பிட்டேங்க."

அவர் அவளையே பார்த்தார். "இத்தனை வருஷம் காவல் காத்த அந்த மரத்தையா? நானா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.