பட்டைக்காரிக்கு மருந்து வைத்தவர்

நாங்குநேரிக்குத் தெற்கே நெட்டூரணிக் குளத்தில் வரித்தலை வாத்துகள் எல்லாம் இருந்தன, பட்டைக்காரியைத் தவிர! கழுத்தில் பச்சைப் பட்டை மாட்டிய அந்த வாத்து நான்கு குளிர்காலமாக இமயத்தைத் தாண்டி இங்கே வருகிறது. பறவை எண்ணும் குழுவின் தலைவி தங்கபுஷ்பத்துக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. கார்த்திகையில் ஜோடியோடு வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். இப்போது ஜோடி மட்டும் தனியே நின்று கத்துகிறது. எவனோ பிடித்துத் தின்றுவிட்டானோ என்று அவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சந்தேகப்பட ஆளா இல்லை? வடக்கேயிருந்து வாத்து மேய்க்க வந்து, கரையில் கூடாரம் போட்டிருந்தாரே ஏகாம்பரம்! தினமும் விடியற்காலையில் தெப்பத்தில் ஏறி நடுத்திட்டுக்குப் போவார். போகும்போது கூடையில் ஏதோ இருக்கும், திரும்பும்போது காலி. கேட்டால், சும்மாதான் என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நேற்று அவர் போனில் பேசியது, நாணலுக்குள் பதுங்கியிருந்த அவள் காதில் விழுந்தது. "மருந்து வச்சிட்டேன். நாளைக்குள்ள முடிஞ்சிடும்."

எலிக்கு வைப்பதுபோல நெல்லில் விஷம் கலந்து வைக்கிறான் பாவி! அவள் பதறியடித்து வனவருக்குப் போன் போட்டாள். காலை எட்டு மணிக்கு ஆட்களோடு வருவதாக அவர் சொன்னார்.

எட்டு மணிவரை பொறுக்க அவளால் ஆகுமா? வெளுத்ததும் ஜெபசிங்கைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டாள். குழுவில் தெப்பம் தள்ளத் தெரிந்தவன் அவன்தான், வாய் மட்டும் காதுவரை. பனியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. கழி சேற்றில் மாட்டியது, தெப்பம் சுழன்று ஆளையே கவிழ்க்கப் பார்த்தது. அந்த ஆளிடம் அரிவாள் இருந்தால் என்ன செய்வது என்று ஜெபசிங் நாலு தடவை கேட்டான்.

திட்டில் ஏறி, கருவேல மரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பட்டைக்காரி!

"வாத்தக் கீழ விட்டுரும்," என்றாள் தங்கபுஷ்பம்.

"மெதுவாம்மா, பயந்துக்கும். கால்ல நூல் சுத்தி அறுத்த புண்ணு. மருந்து வச்சிருக்கேன், இன்னிக்குப் பறந்துடும்."

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் துணி சுற்றிய காலைக் காட்டினார். கூடையில் போனது வெறும் நெல்தான். வெளியே சொன்னால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், வாத்து மிரளும் என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம்.

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் விடவில்லை. காலை அறுத்த கண்ணி எவன் வைத்தது என்று கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து நீல நைலான் நூல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

முனையில் இரட்டை முடிச்சு. போன வருஷம் பறவைகளை எண்ணுவதற்காகக் குளத்தைப் பாகம் பிரித்துக் குச்சி நட்டுக் கட்டினார்களே, அந்த நூல்! எண்ணி முடித்த சந்தோஷத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. முடிச்சைப் போட்டது அவள் கை. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

ஏகாம்பரம் துணியை அவிழ்த்தார். பட்டைக்காரி இரண்டடி நொண்டியது, சிறகை விரித்தது, எழுந்துவிட்டது! பனிக்குள்ளிருந்து ஜோடி குரல் கொடுத்தது.

திரும்பும்போது தங்கபுஷ்பம் தெப்பத்தில் ஏறவில்லை. மார்பளவுத் தண்ணீரில் நடந்து, குச்சி குச்சியாக நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு கரை சேர்ந்தாள். வனவர் ஆட்களோடு காத்திருந்தார்.

"ஆள் சிக்கிட்டானா?"

"சிக்கியாச்சு சார்." ஈர நூலை அவர் கையில் வைத்தாள். "நாந்தான்."